நோயாளியின் கட்டிலருகே சிரிக்கலாமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வீடொன்றில், முற்றிய புற்றுநோயோடு படுத்திருந்த கணவருக்கு மனைவி கரண்டியால் தயிர் தீத்திக்கொண்டிருந்தார். "கலியாணத்தண்டு பால்பழம் தீத்தச் சொன்னதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாய். இப்ப நாளைக்கு மூணு தரம் தீத்துறாய் புள்ள" என்றார் அவர். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தயிர் போர்வையில் சிந்தியது. உள்ளறையிலிருந்து கணவரின் தங்கை, "சாகக் கிடக்கிறவரோட என்ன மச்சி சிரிப்பு?" என்றார். சிரிப்பு அத்தோடு நின்றது. என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தவர், "மிஸி, நான் சிரிச்சது பிழையா?" என்று கேட்டார்.

பிழையேயில்லை. மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு கடும் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்காகச் செல்லும் தாதியாக இதை உறுதியாகச் சொல்வேன். காலமெல்லாம் ஒருவரையொருவர் பகிடி பண்ணி வாழ்ந்தவர்களிடமிருந்து அதைப் பறித்துவிட்டால், கணவர் தன் சொந்த வீட்டிலேயே வெறும் நோயாளியாகவும் மனைவி வெறும் பராமரிப்பாளராகவும் ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் வலி அடங்காத உடலுக்குச் சிரிப்பு வராது. 1967 இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், உடல்வலியையும் மனவேதனையையும் குடும்பக் கவலையையும் ஆன்மத் தவிப்பையும் சேர்த்தே 'முழுவலி' என்றார். அதில் முதலில் தணிக்க வேண்டியது உடல்வலி. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று வைத்தியர் மோர்பின் என்ற கடும்வலிக்கான மருந்தை எழுதியிருந்தால், வலி கூடும்வரை காத்திராமல் அந்தந்த நேரத்துக்கே கொடுக்க வேண்டும். பழகிப்போகும் என்று பயந்து குளிசையை ஒளித்துவைப்பவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மோர்பின் மலச்சிக்கலைத் தருமாதலால் அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

நோயாளி திடீரென்று மாறிக் குழம்பிப் பேசுவதைப் பகிடியாக எடுக்கக்கூடாது. கிருமித்தொற்று, சிறுநீர் அடைப்பு, மருந்து என எதனாலும் அது வரலாம். உடனே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சில பகிடிகளுக்குள் கேள்வி இருக்கும். "வாற பொங்கலுக்கு எனக்கும் சேத்து அரிசி போடுவியா?" என்று அதே மனிதர் ஒருநாள் கேட்டபோது, "நீங்க சுகமாகிடுவீங்க ஐயா" என்று நான் பேச்சை மாற்றினேன். அது என் தவறு. மனைவி அப்படிச் செய்யவில்லை. "போடாம விடுவனா?" என்று சிரித்துவிட்டு, அவருடைய கையைப் பிடித்து, "அதையா யோசிக்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டார். அதன் பிறகுதான், கடைசி நேரத்தில் தன்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டாமென்பதையும், மகளின் காணி உறுதி எந்தப் பெட்டியில் இருக்கிறதென்பதையும், இரவில் தனக்கு வரும் பயத்தையும் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

கடைசி இரண்டு நாளும் அவர் பேசவில்லை. பதில் சொல்லாதவருக்கும் காது கேட்கக்கூடும் என்பதால், தொடர்ந்து பேசும்படி சொல்லிவிட்டு வந்திருந்தேன். மறுநாள் போனபோது, மனைவி நனைத்த பஞ்சால் அவருடைய உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தார். தங்கை கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணன் சின்னதுல தோணியைக் கவிழ்த்த கதை தெரியுமா மச்சி?" என்று தொடங்கினார்.