ஒன்பது மீட்டருக்குள் ஒரு நீண்ட மண்டபம்

சின்ன வயதில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் பார்த்த நாடகங்களில் ஒரு படுதா மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தர்பார் சீன். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, கடைக்கோடியில் சின்னதாக ஒரு வளைவு, அதற்கு அப்பால் நீல வானம். மேடைக்கு நேர் எதிரே அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தபோது அந்த மண்டபம் ஏரிக்கரை வரைக்கும் போவது போலிருந்தது. அடுத்த வருடம் கூட்டம் அதிகம். ஆர்மோனியக்காரர் பக்கத்தில், மேடையின் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் அதே தூண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. ராஜபார்ட் நடிகர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் நிழல் வானத்தின்மேல் விழுந்தது. அவர் தலைக் கிரீடம் கடைசி வளைவைவிடப் பெரிதாக இருந்தது.

கதைக்காக ஊரையும் கோட்டையையும் கட்டுகிறவர்கள் 400 வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டுவது இந்த ஓர இருக்கையோடும் அந்தக் கிரீடத்தோடும்தான். பார்ப்பவர் எங்கே இருக்கிறார்? நடிப்பவர் எங்கே நிற்கிறார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டால் சின்ன இடத்துக்குள் ஒரு பெரிய நகரத்தையே வைத்துவிடலாம்.

அது எப்படி முடிகிறது என்று பார்க்கக் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். விழித்திரையில் விழும் படம் தட்டையானது. அதில் நீளமும் அகலமும் உண்டு, தூரம் கிடையாது. 30 மீட்டர் தள்ளி நிற்கும் 1.8 மீட்டர் உயர ஆளும், 10 மீட்டர் தள்ளி நிற்கும் 60 சென்டிமீட்டர் பொம்மையும் விழித்திரையில் ஒரே உயரத்துக்குத்தான் விழுவார்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். கண் அந்த விடையை மட்டும் மூளைக்கு அனுப்புகிறது. எதை எதால் வகுத்து வந்த விடை என்பதை மூளைதான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ஊகத்துக்குத் துணையாகச் சில தடயங்கள் உண்டு. இணையான கோடுகள் போகப் போக நெருங்கி ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தெரியும். தண்டவாளத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு, படிக்கட்டு, மனிதர் என்று அளவு பழகிய பொருள்கள் அளவுகோலாக உதவும். தொலைவில் உள்ள மலை வெளிறி நீலம் பாய்ந்திருக்கும், நடுவில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால். இவை எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கும் தடயங்கள். ஒரு கண் போதும். ஓவியரும் தச்சரும் இவற்றைத் தாராளமாகப் பொய்யாகச் செய்து தரலாம்.

வேறு இரண்டு தடயங்கள் அப்படி வளைந்து கொடுக்காது. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் கிடைக்கும் படங்கள் கொஞ்சம் வேறுபடும், அந்த வேறுபாட்டிலிருந்து மூளை தூரத்தைக் கணக்கிடும். அடுத்தது, தலையை அசைத்தால் பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தொலைவில் இருப்பது மெதுவாகவும் நகரும். ஆனால் இந்த இரண்டுமே கிட்டத்தில்தான் கூர்மை. பொருள் இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கண்களுக்கிடையிலான அந்த வேறுபாட்டின் நுட்பம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பொய்யைப் பத்து மீட்டர் தள்ளி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இதை இன்றும் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய இடம் ரோம் நகரத்தின் ஸ்பாடா மாளிகை. கார்டினல் பெர்னார்தினோ ஸ்பாடாவுக்காக 1650-களின் தொடக்கத்தில் பிரான்செஸ்கோ பொரோமினி என்ற கட்டடக் கலைஞர் அங்கே ஒரு தூண் மண்டபம் கட்டினார். கணக்குக்கு உதவியவர் ஜொவான்னி மரியா தா பிதொன்தோ என்ற துறவி. முற்றத்திலிருந்து பார்த்தால் நீளமான மண்டபம், கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலை. உண்மையில் மண்டபத்தின் நீளம் ஒன்பது மீட்டர்கூட இல்லை, சுமார் 8.8 மீட்டர்தான். சிலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். தரை உள்ளே போகப் போக மேலேறுகிறது, கூரை இறங்குகிறது, சுவர்கள் நெருங்குகின்றன, தூண்கள் குட்டையாகின்றன. நுழைவாயில் வளைவு ஏறக்குறைய 5.8 மீட்டர் உயரம் என்றால் கடைசி வளைவு இரண்டரை மீட்டர்தான்.

இந்த எண்களை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசலிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி வளைவு நமக்கு 18.8 மீட்டரில் இருக்கிறது. ஆனால் மூளை அதையும் 5.8 மீட்டர் உயர வளைவாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஒரே மண்டபத்தின் வளைவுகள் ஒரே அளவாக இருக்கும் என்பது அதன் அனுபவம். 2.5 மீட்டர் வளைவு 5.8 மீட்டர் வளைவாகத் தெரிய வேண்டுமானால் அது 2.32 மடங்கு தொலைவில் இருக்க வேண்டும். 18.8-ஐ 2.32-ஆல் பெருக்கினால் சுமார் 43.6. அதில் நாம் தள்ளி நிற்கும் 10 மீட்டரைக் கழித்தால் மண்டபத்தின் தோற்ற நீளம் 33 மீட்டருக்கும் மேல். ஒன்பது மீட்டர் இடத்தில்!

அதே கணக்கை 5 மீட்டர் தூரத்துக்குப் போட்டால் 27 மீட்டர்தான் வருகிறது. வாசற்படியிலேயே நின்றால் 20. அதாவது நாம் நெருங்க நெருங்க மண்டபமும் சுருங்குகிறது. அப்புறம் யாராவது உள்ளே நடந்து போனால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு அடிக்கும் அவர் வளர்வதுபோல் தெரியும், சிலை பக்கம் போய் நிற்கும்போது அது அவர் இடுப்புக்குக்கூட வராது. கல்லையும் சுண்ணாம்பையும் கணக்குக்கு வளைக்கலாம், மனித உடம்பை வளைக்க முடியாது. ராஜபார்ட் நடிகரின் கிரீடம்தான் மறுபடியும்.

இதற்கு எழுபது வருடம் முன்பே மேடைக்காரர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்துவிட்டார்கள். வடக்கு இத்தாலியில் விச்சென்ஸா நகரத்தில் ஆந்த்ரேயா பல்லாதியோ ஒலிம்பிகோ அரங்கத்தை வடிவமைத்தார். 1580-இல் வேலை தொடங்கிய அதே வருடம் அவர் இறந்துபோனார். வின்சென்ஸோ ஸ்கமோஸ்ஸி மேடைக்காட்சியைச் செய்து முடித்தார். 1585-இல் அரங்கம் திறந்தபோது போட்ட நாடகம் சோஃபக்ளீஸின் ஈடிபஸ் மன்னன். கதை நடப்பது ஏழு வாசல் உள்ள தீப்ஸ் நகரத்தில். ஸ்கமோஸ்ஸி அந்த நகரத்தின் ஏழு தெருக்களை மரத்தாலும் சுதையாலும் கட்டினார். மேடைச் சுவரின் ஐந்து வாசல்கள் வழியாக அந்தத் தெருக்கள் உள்ளே போகின்றன. தரை சரிவாக ஏற, வீடுகள் போகப் போகக் குள்ளமாகின்றன.

என்னை அசர வைப்பது தெருக்களின் எண்ணிக்கை. ஒரே ஒரு தெருவை நேர் நடுவில் வைத்திருந்தால் நடு இருக்கைக்காரருக்கு மட்டும்தான் அது தெருவாகத் தெரிந்திருக்கும். ஸ்கமோஸ்ஸி தெருக்களை விசிறி மடிப்புபோல் வெவ்வேறு திசைக்குத் திருப்பினார். அரை நீள்வட்டப் படிகளில் எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு தெருவை நீளவாக்கில் பார்க்கலாம். ஓர இருக்கைக்காரருக்கென்று ஒரு தனித் தெரு! எங்கள் ஊர்ப் படுதாவில் வரைய முடியாத ஒன்று அது. நடிகர்கள் மட்டும் தெருவுக்குள் ஆழமாகப் போகக் கூடாது, முன்னாலேயே நிற்க வேண்டும். போனால் மாடி ஜன்னலுக்கு மேலே தலை தெரியும். ஒரு நாடகத்துக்காகக் கட்டிய அந்த ஏழு தெருக்களும் இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன.

சினிமா வந்ததும் ஓர இருக்கைச் சிக்கல் ஒரேயடியாகத் தீர்ந்தது. கேமராவுக்கு ஒரு கண்தான். அது எங்கே நிற்க வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார். அரங்கில் ஆயிரம் பேர் ஆயிரம் மூலைகளில் உட்கார்ந்திருந்தாலும் எல்லாரும் கேமரா நின்ற இடத்திலிருந்துதான் அந்த உலகத்தைப் பார்க்கிறார்கள். சின்ன இடத்தைப் பெரிதாகக் காட்டும் இந்த வித்தையைத்தான் கலை இயக்குநர்கள் ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ் என்று சொல்கிறார்கள்.

1942-இல் எடுத்த காஸாபிளாங்கா படத்தின் கடைசிக் காட்சி ஒரு விமான நிலையம். செட்டில் நிஜ விமானத்துக்கு இடமில்லை. பின்னால் ஒரு சின்ன விமான மாதிரியை வைத்தார்கள். அதைச் சுற்றி வேலை செய்யும் ஆட்களாகக் குள்ளமான நடிகர்களை நிற்க வைத்தார்கள். உடம்பை வளைக்க முடியாது என்றால் அளவுக்கேற்ற உடம்பைத் தேடிக்கொள்வதுதான் வழி. மேலே பனிமூட்டத்தைப் பரப்பியதும் மாதிரி விமானம் மறைய வேண்டிய அளவுக்கு மறைந்தது, தூரத்து வெளிறலும் தானாகக் கிடைத்தது.

கேமராவுக்கு வேறொரு பலவீனம் உண்டு. அருகில் இருப்பதும் தள்ளி இருப்பதும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரியாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டும் ஃபோகஸில் இருக்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் போதாது. அதனால்தான் இப்படிப்பட்ட செட்டுகளில் விளக்குகள் அவ்வளவு பிரகாசமாக எரியும்.

பீட்டர் ஜாக்சன் நியூஸிலாந்தில் எடுத்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்தின் முதல் பாகம் 2001-இல் வந்தது. அதில் மந்திரவாதி நெட்டையர், ஹாபிட்டுகள் குள்ளர்கள். நடிகர்களோ சாதாரண உயரம். ஒரே வண்டியில் அருகருகே உட்கார்ந்து பேசுவதாக ஒரு காட்சி வருமே, அதில் ஹாபிட்டாக நடித்தவர் உண்மையில் பல அடி பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேசைக் காட்சிகளில் மேசையே இரண்டு துண்டு. கேமராவுக்கு அருகே சின்ன அளவில் ஒன்று, தள்ளிப் பெரிய அளவில் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே மேசையாகத் தெரியும். அதுவரை இந்த வித்தையில் கேமரா அசையக் கூடாது, அசைந்தால் இரண்டு துண்டும் பிரிந்துவிடும். ஜாக்சனின் குழு கேமரா நகரும்போதே நடிகரையும் மேசைத் துண்டையும் நகரும் மேடையில் வைத்து, இரண்டும் பிரிந்து தெரியாத அளவுக்கு நகர்த்தியது. அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மேசைக்கு அடியில் ஓடும் சக்கரங்களைத்தான் என் மனம் தேடும்.

பத்து வருடம் கழித்து அதே குழு ஹாபிட் படங்களை 3டி-யில் எடுத்தது. கேமராவுக்கு இரண்டு கண் வந்துவிட்டது! பின்னால் தள்ளி உட்கார வைத்தவர் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்தார். பழைய வித்தை ஒன்றும் உதவவில்லை. மந்திரவாதியாக நடித்த இயான் மெக்கெல்லனைப் பச்சைத் திரைக்கு நடுவே தனியாக நிறுத்தி, மற்றவர்களை வேறு செட்டில் வைத்துப் படம்பிடித்து, பிறகு ஒன்று சேர்த்தார்கள். பேச ஆளில்லாமல் நடிக்க வேண்டியிருந்ததில் அவர் மனமுடைந்து அழுததை அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு கண்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஆறு சென்டிமீட்டர் ஒரு பெரிய நடிகரை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது.

சரி, பார்ப்பவர் நடமாடிக்கொண்டே இருந்தால்? அதற்கும் ஒரு திசை மிச்சம் இருக்கிறது, மேலே. கலிபோர்னியாவில் 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டின் கோட்டை 23 மீட்டர்தான். ஆனால் கற்களும் ஜன்னல்களும் மேலே போகப் போகச் சிறிதாவதால் இன்னும் உயரமாகத் தெரியும். பக்கவாட்டில் எவ்வளவு நடந்தாலும் யாரும் பறந்து போய் மேல் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. நம் கோபுரங்களில் நிலைக்கு நிலை வாசல்கள் சுருங்கிக்கொண்டே போவதும் கண்ணில் இதே வேலையைச் செய்கிறது. எடையைக் குறைக்கவும் ஆகம முறைப்படியும் அப்படிக் கட்டினார்கள். ஆனாலும் ஸ்ரீரங்கத்தில் 1987-இல் முடிந்த பதின்மூன்று நிலை ராஜகோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அந்தச் சுருக்கம்தான் உயரத்தை நீட்டிக்கொண்டே போகிறது என்று எனக்குத் தோன்றும்.

இப்போது வந்திருப்பது எல்.இ.டி. சுவர். 2019-இல் வெளியான தி மாண்டலோரியன் தொடரில் நடிகர்களைச் சுற்றிப் பிரமாண்டமான திரை வளைத்து நின்றது, பாலைவனமும் கிடங்கும் அதில்தான். கேமரா எங்கே இருக்கிறது என்பதை உணரிகள் ஒவ்வொரு கணமும் கணினிக்குச் சொல்லும். கேமரா இடது பக்கம் ஓரடி நகர்ந்தால், தூரத்து மலை கொஞ்சமாகவும் பக்கத்துப் பாறை நிறையவும் நகர்ந்ததாகக் கேமராவுக்குத் தெரியும்படி, அது பார்க்கும் பகுதியைக் கணினி உடனே மறுபடி வரையும். ஸ்கமோஸ்ஸி ஆளுக்கொரு தெரு வைத்தார். இந்தச் சுவர் ஒரே தெருவைக் கேமரா போகுமிடமெல்லாம் திருப்பிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் நடிகருக்கோ அதே மலை கோணலாகத்தான் தெரியும். சுவர் கணக்குப் போடுவது கேமரா நிற்கும் இடத்துக்கு.

வீட்டில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தால் பொரோமினியின் மண்டபத்தை நீங்களே கட்டிப் பார்க்கலாம். பெட்டியின் ஒரு முனையில், பாதி உயரத்தில், கண் வைக்கும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். தடிமனான அட்டையில் ஐந்து சதுர வாசல் சட்டங்களை வெட்டுங்கள். உள் உயரம் 10, 6.7, 5, 4, 3.3 சென்டிமீட்டர். ஓட்டையிலிருந்து 10, 20, 25, 28, 30 சென்டிமீட்டர் தூரங்களில் அவற்றை வரிசையாக ஒட்டுங்கள். எல்லாச் சட்டத்தின் நடுப்புள்ளியும் ஓட்டையின் நேருக்கு வர வேண்டும், அப்போது தரை தானாகவே மேலேறும். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 10, 5, 3, 2 என்று குறைவதைக் கவனியுங்கள். உயரத்தை மட்டும் குறைத்து இடைவெளியைச் சமமாக விட்டால் மூளை கண்டுபிடித்துவிடும். சாய்வாகத் தரைக்கு ஒரு அட்டையை ஒட்டி, பின்னால் ஒரு சின்ன விளக்கை வைத்து, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். சம இடைவெளியில் ஐந்து வாசல்கள் 90 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். பெட்டியின் நீளமோ ஒரு அடி.

நான் செய்த பெட்டியை மேசைமேல் மூடாமல் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ஓட்டை வழியாகப் பார்க்கும்போது ஒரு கட்டெறும்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது. முதல் வாசலில் அது வாசல் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான். மூன்றாவது வாசலைத் தாண்டும்போது ஐந்தில் ஒரு பங்கு. கடைசி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாய்க்குட்டி அளவுக்கு வளர்ந்து, அந்த மண்டபத்தின் கோடியில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.