பழைய டிவி டியூபை உடைச்சு யோக்கை உருவுறவங்க கவனத்துக்கு

பிக்சர் டியூப் டிவி சர்வீஸ் இப்ப ரொம்பவே குறைஞ்சு போச்சு, ஆனா 2006-க்கு அப்புறம் தமிழ்நாட்டு அரசு குடுத்த இலவச 14 இன்ச் கலர் டிவி இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்ல கிடக்குது, அதை இறக்கி டியூபோட ஒல்லியான பின்பக்கக் கழுத்தைச் சுத்தி மாட்டியிருக்கிற யோக்ங்கிற காயில்ல இருக்கிற செம்புக் கம்பிக்காக அந்தக் கழுத்தை சுத்தியலால தட்டுறாங்க, பார்த்தாலே பகீர்னு இருக்கு.

அந்த யோக் என்ன வேலை பண்ணுதுன்னு முதல்ல சொல்லிடறேன். கழுத்துக்குள்ள கேத்தோடுங்கிற சூடான முனையில இருந்து எலக்ட்ரான் கிளம்பும், ஸ்கிரீன் பக்கம் இருக்கிற பாசிட்டிவ் முனையான ஆனோடோட வோல்டேஜ் அதை இழுக்கும், கலர் டிவின்னா 20,000 வோல்ட் பக்கம் வரும். உள்ள காத்து இருந்தா மோதி சிதறிடும், அதனாலதான் வேக்குவம். சும்மா விட்டா இந்த எலக்ட்ரான் கற்றை, அதாவது பீம், நேரா போய் ஸ்கிரீன் நடுவுல புள்ளியா விழும். யோக் காயில்ல கரண்ட் ஓடும்போது வர்ற காந்தப்புலம் பீமை தன் பக்கம் இழுக்காது, தனக்குக் குறுக்காத்தான் தள்ளும், அதனால இடது-வலது ஓட்டுற காயிலோட புலம் மேல-கீழதான் இருக்கும். நம்ம ஊர் டிவி ஒளிபரப்பு முறையான பால் (PAL) சிஸ்டத்துல பீம் ஓடுறது இடமிருந்து வலம் செகண்டுக்கு 15,625 தடவை, மேலிருந்து கீழ 50 தடவை. மேல-கீழ ஓட்டுற காயிலுக்கு கரண்ட் குடுக்கிற வெர்டிக்கல் ஐசி போச்சுன்னா நடுவுல பளிச்சுன்னு ஒரு படுக்கைக் கோடு மட்டும் நிக்கும் பாருங்க, அப்படியே ஓட விட்டா அந்த இடத்துல பாஸ்பர், அதாவது ஸ்கிரீனுக்கு உள்ள பீம் பட்டா ஒளிர்ற பூச்சு, கருகிடும், உடனே ஆஃப் பண்ணிடணும். பெரிய ஸ்பீக்கரை பக்கத்துல வெச்சா ஒரு மூலை மட்டும் கலர் மாறுறதும் இதாலதான், அந்தக் காந்தம் பீமை லேசா விலக்கி பக்கத்துக் கலர் புள்ளியில விழ வெச்சிடுது.

இப்ப ஆபத்துக்கு வரேன். பிளக்கைத்தான் பிடுங்கிட்டோமே, இனி என்னன்னு கேக்குறாங்க. டியூப் கண்ணாடிக்கு உள்ள ஒரு பூச்சு, வெளிய ஒரு பூச்சு, ரெண்டுமே கரண்ட் கடத்தும், ஆக அந்த டியூபே ஒரு கெப்பாசிட்டர். ஆஃப் பண்ணி நாளானாலும் ஆனோடு ரப்பர் கேப்புக்கு அடியில சார்ஜ் நிக்கலாம். ஷாக் அடிச்சு கை உதறி டியூப் கீழ விழுந்தா இன்னும் மோசம், வெளிக்காத்து அழுத்தத்துல கண்ணாடி உள்பக்கமா நொறுங்கி அதே வேகத்துல நாலாபக்கமும் தெறிக்கும், கண்ணுக்கு உத்தரவாதமே இல்ல. அந்தக் கண்ணாடியில ஈயம் வேற இருக்கு, எக்ஸ்ரே வெளிய வராம தடுக்கப் போட்டது.

தயவுசெஞ்சு பின்மூடியைக் கழட்டாம டிவியை முழுசா அங்கீகாரம் உள்ள இ-வேஸ்ட் ஆளுங்ககிட்ட குடுங்க. பழைய இரும்புக்காரர் வாசல்லயே உடைச்சு எடுத்துக்கிறேன்னு சொன்னா விடாதீங்க, அவருக்கும் யோக்கோட விலை தெரியுமே தவிர உள்ள நிக்கிற சார்ஜைப் பத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.