நானோ ஊசி என்றால் பக்கவிளைவே வராதா?

புற்றுநோய்க்கு நானோ ஊசி போட்டுக்கொண்ட ஓர் அம்மா, உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் அண்மையில் வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, "நானோ மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது என்றார்களே டாக்டர், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் பூசினோம்" என்றார் மகன். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அவருக்கு ஏற்றியது லைப்போசோமல் டாக்சோரூபிசின். அமெரிக்காவில் 1995-லேயே ஒப்புதல் பெற்றது. சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழுக்குள் பழைய கீமோ மருந்தையே அடைத்தது. பரவிய மார்பகப் புற்றுநோயில் இது பழைய ஊசிக்கு ஈடாகவே வேலை செய்கிறது. இதயத்துக்குப் பாதிப்பு குறைவு என்பதுதான் ஆதாயம். நிலத்தை விற்றாவது நானோ போடச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நானோ மருந்து ஏவுகணைபோலக் கட்டியை மட்டும் தேடிப்போய்த் தாக்கும் என்று யார் சொல்லிப் பரப்பினார்களோ தெரியவில்லை. குமிழ் எதையும் தேடுவதில்லை. இரத்தத்தோடு உடல் முழுதும் சுற்றுகிறது. கட்டிக்குள் இருக்கும் இரத்தக்குழாய்களின் சுவர் ஓட்டையும் இடைவெளியுமாக இருப்பதால் அங்கே சற்றுக் கூடுதலாகக் கசிந்து தங்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கசிவும் எல்லாக் கட்டிகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரும்பாலும் விலங்குகளில் நடந்த பத்தாண்டு ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை மதிப்பாக 0.7 விழுக்காடுதான். கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. குமிழ் நாட்கணக்கில் இரத்தத்தில் சுற்றுவதால், உராய்வும் அழுத்தமும் படும் உள்ளங்கையிலும் பாதத்திலும் மருந்து கசிந்து தோலைப் புண்ணாக்குகிறது.

ஆகவே ஊசி போட்ட பிறகு சில நாட்களுக்கு வெந்நீரில் கைவைக்காதீர்கள், துணியைக் கசக்கித் துவைக்காதீர்கள், இறுக்கமான செருப்பு அணியாதீர்கள். உள்ளங்கை சிவந்து எரியத் தொடங்கியதுமே வாருங்கள். அடுத்த தவணையைத் தள்ளிப்போட்டோ அளவைக் குறைத்தோ சமாளித்துவிடலாம். முதல் தவணை ஏறும்போது முகம் சிவந்தாலோ, மூச்சு முட்டினாலோ, முதுகு வலித்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டிராமல் செவிலியரை உடனே கூப்பிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் வந்துவிடுங்கள், தயவுசெய்து.

இணையத்தில் வாங்கும் "நானோ மஞ்சள்" சொட்டு மருந்து இந்தச் சிகிச்சைக்கு மாற்றாகாது; ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். வேறு மருத்துவமனைக்கு மாறுகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். அதில் "லைப்போசோமல்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; சாதாரண டாக்சோரூபிசினுக்கும் இதற்கும் அளவு வேறு, ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து.