பேதி நின்ற பிறகு கால்கள் ஏன் தளர்கின்றன?

2025 ஜனவரியில் புனேயின் சிங்காட் சாலைப் பகுதியில் பலர் அடுத்தடுத்துக் கைகால் விளங்காமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். நோய், கில்லன்-பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும் நோய் இது. புனேயிலோ, சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்தால், சில வாரங்களில் 200 பேரைத் தாண்டியது. பலருக்கு முன்னதாக வயிற்றுப்போக்கு இருந்தது. மலப் பரிசோதனையில் அகப்பட்டவற்றில் ஒன்று கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா.

சரியாக வேகாத கோழிக்கறி, காய்ச்சாத பால், கழிவு கலந்த தண்ணீர் வழியாகக் குடலுக்குள் நுழையும் கிருமி இது. நரம்பை அது தொடுவதே இல்லை. பிறகு கால் எப்படி விழுகிறது?

அதன் மேலுறையில் கொழுப்போடு கோத்த சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சில ரகங்களில் அந்தச் சங்கிலியின் நுனி, நம் நரம்புச் சவ்வில் உள்ள ஜிஎம்1 என்ற மூலக்கூறின் நுனியை அச்சாக ஒத்திருக்கும். கிருமியை ஒழிக்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகள் பெருகுவதற்குள் பேதி நின்றுவிடும். ரத்தத்தில் சுற்றும் அந்த ஆன்டிபாடிகள் அடுத்து நரம்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

ஒட்டும் இடம்தான் கொடுமையானது. நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்புறையான மையலின் விட்டுவிட்டு இருக்கும்; அந்த இடைவெளிகளுக்கு ரான்வியர் கணுக்கள் என்று பெயர். அங்கே குவிந்திருக்கும் சோடியம் சேனல்களால்தான் (சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள்) மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவுகிறது. ஆன்டிபாடி ஒட்டியதும் கிருமிகளைத் தாக்க ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் திரண்டு சவ்வைத் துளைக்கின்றன, சேனல்கள் சிதைகின்றன, துடிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஜப்பானின் நொபுஹிரோ யூகி குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், கிருமியிலிருந்து பிரித்த சர்க்கரைக் கொழுப்பை முயல்களுக்குச் செலுத்திய பிறகு அவற்றின் கால்கள் தளர்ந்தன. உயிருள்ள கிருமி தேவைப்படவே இல்லை.

என்னை மிகவும் வியக்கவைப்பது இன்னொன்று. அந்தச் சர்க்கரை நுனியைக் கட்டும் நொதியில் 51ஆவது அமினோ அமிலம் திரியோனினாக இருந்தால் பெரும்பாலும் ஜிஎம்1 போன்ற நுனி உருவாகும்; கைகால் தளரும். அஸ்பராஜினாக இருந்தால் ஜிக்யூ1பி என்ற இன்னொரு நரம்பு மூலக்கூறைப் போன்ற நுனி. அந்த மூலக்கூறு கண்ணை அசைக்கும் நரம்புகளில் மிகுதி. அதனால் காட்சி இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். இதை ஜிபிஎஸ்ஸின் மில்லர் ஃபிஷர் வகை என்பார்கள்.

இந்தக் கிருமி தொற்றியவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் ஜிபிஎஸ் வருகிறது. ஆனாலும் பேதி கண்ட சில வாரங்களில் படியேற முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றால் வெறும் அசதி என்று தயவுசெய்து வீட்டில் இருக்காதீர்கள். ஜிபிஎஸ் வந்தவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி) ஊசியோ, ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றமோ முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். ஸ்டீராய்டு மாத்திரை உதவாது.

கணுவில் துடிப்பு தடைபட்டதோடு நின்றிருந்தால் சில வாரங்களிலேயே கால் எழும். நரம்பிழையே அறுந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை போய்ச்சேர இரண்டு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம்.