அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் பெட்டி

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை. ஓசூரிலிருந்து இந்த சீசனில் மட்டும் மூன்றாவது முறையாகப் போனேன். பாய்லரின் வெப்பநிலையை வாங்கி அனுப்பும் கேட்வே பெட்டி நாலைந்து நாளுக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடுகிறது. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது சார்” என்றார் ஆப்பரேட்டர். அவர் சொல்லலாம். பெட்டியின் நெட்வொர்க் ஹார்ட்வேரை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதியவர்களும் அதையே சொன்னார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்கே பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஈதர்நெட் லிங்க் விழுந்து எழுகிறது. ஒவ்வொரு முறையும் டிரைவர் ரிசீவ் ரிங்கை, அதாவது வரும் பாக்கெட்டுகளை வாங்கிவைக்கும் பஃபர்களின் (மெமரித் துண்டுகளின்) வட்ட வரிசையை, புதிதாக அமைக்கிறது. 256 பஃபர், ஒன்றுக்கு 2 கேபி, ஆக அரை எம்பி. பழைய 256 பஃபரை விடுவிக்கும் வரி அந்தக் கோடில் இல்லை. நூறு தடவை லிங்க் விழுந்தால் 50 எம்பி போச்சு. பெட்டியில் இருப்பதே 128 எம்பி. கடைசியில், மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் அப்ளிகேஷனைக் கொல்கிறது, பழியும் அப்ளிகேஷன் எழுதிய பையன் மேல் விழுகிறது.

வாங்கிய மெமரியை விடுவிக்காமல் இப்படிக் கசியவிடுவதுதான் மெமரி லீக். “மெமரி லீக் ஆனாலும் ஓஎஸ் திரும்ப எடுத்துக்கொள்ளாதா?” என்று டிரைவர் எழுதியவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வி எத்தனை தடவை என் காதில் விழுந்துவிட்டது! சாதாரண புரோகிராம் முடிந்தால் அதன் மெமரியை ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னல் எடுத்துக்கொள்ளும். உண்மைதான். ஆனால் டிரைவர் கர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. கர்னலுக்குள் மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷனான கேமல்லாக்கில் வாங்கிய மெமரியை இன்ன டிரைவர் வாங்கியது என்று கர்னல் கணக்கு வைப்பதில்லை. அப்ளிகேஷனை மூடினாலும் வராது. ஆர்எம்மாட் கட்டளை போட்டு டிரைவரைக் கழற்றினாலும் வராது. ரீபூட் ஒன்றுதான் வழி. ஆப்பரேட்டர் பவரை அணைத்துச் செய்ததும் அதுதான், அதற்குப் பெயர் தீர்வு அல்ல. மெமரியைத் தானாகவே விடுவிக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்களைப் போட்டிருக்கிறோமே என்பார்கள். அவை டிரைவர் கழலும்போதுதான் விடுவிக்கும், ஓடும்போது கசிவதை அவை தடுக்காது.

டிரைவர் எழுதும் தம்பிகளே, ரிங்கைக் கலைக்கும்போது முதலில் ஹார்ட்வேரின் டிஎம்ஏவை (நெட்வொர்க் கார்டு நேராக மெமரியில் எழுதுவதை) நிறுத்துங்கள், பிறகு அன்மேப் (அந்த மெமரியோடு கார்டுக்குள்ள தொடர்பை நீக்குவது), அப்புறம்தான் ஃப்ரீ (விடுவிப்பது). வரிசை மாறினால் விடுவித்த இடத்திலேயே கார்டு எழுதும், அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் அலைவீர்கள். டிஎம்ஏ மேப் செய்ததும் பிழை வந்ததா என்று பாருங்கள், ஒருமுறைகூடத் தவறாமல். டிரைவர் ஹார்ட்வேரைத் தயார்செய்யும் புரோபில் ஐந்தாவது படி தோற்றால் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று பின்னோக்கி விடுவியுங்கள். கோடில் வேறு வரிக்குத் தாவும் கோட்டோ கெட்ட பழக்கம் என்று கல்லூரியில் சொல்லியிருப்பார்கள், இந்த இடத்துக்கு அதுதான் சரியான கருவி. பாக்கெட் வரும்போது புது பஃபர் கிடைக்கவில்லையா? அந்தப் பாக்கெட்டை விட்டுவிட்டுப் பழைய பஃபரையே ரிங்கில் திரும்ப வையுங்கள். அனுப்பும் பக்கம் பிஸி என்று திருப்பினால் பாக்கெட்டைத் தாங்கும் எஸ்கேபியைத் தொடாதீர்கள், அது இன்னும் உங்களுடையது அல்ல. கைவிடுவதென்றால் நீங்களே விடுவித்து ஓகே சொல்லுங்கள்.

டெஸ்ட் பெஞ்சில் கேபிள் ஒழுங்காக இருக்கும், மெமரி கேட்டால் கிடைக்கும். பிழை வழியில் உள்ள கோடு அங்கே ஓடவே ஓடாது, ஆலையில்தான் ஓடும். அதனால் தம்பிகளே, அனுப்புவதற்கு முன் ஒரு ராத்திரி லிங்கை ஆயிரம் முறை இறக்கி ஏற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிடுங்கள். விடுவிக்காத மெமரியைக் காட்டும் கேமெம்லீக்கை ஆன் செய்துவையுங்கள். கர்னலின் ஃபெயில்ஸ்லாப் வசதியை வைத்து மெமரி கேட்டால் கிடைக்காதபடி நீங்களே செய்து பாருங்கள். காலையில் மிச்ச மெமரியை முந்தின இரவின் அளவோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் பெட்டியை அனுப்புங்கள்.