பாதுகாப்புத் தரவுத் தாளின் 11ஆம் பிரிவு

ஒரு தொழிலாளியின் நோய்க்கும் அவர் கையாளும் வேதிப்பொருளுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற ஐயம் எழும்போது, தொழிலக மருத்துவராகிய நான் முதலில் புரட்டுவது அப்பொருளுக்கு அதன் வழங்குநர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளைத்தான். 16 பிரிவுகள் கொண்ட அத்தாளில் நச்சுத்தன்மையைக் கூறுவது 11ஆம் பிரிவு. சோதனை எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு பெரும்பாலும் அங்கே எண்ணாகவே இருக்கும்; அதற்குக் கீழே புற்றுநோய், கருவளர்ச்சி பற்றிய வரிகளிலோ பல தாள்களில் ‘தரவு இல்லை’ என்றே காணப்படும். மேலாளர்கள்கூட இதை ‘ஆபத்து இல்லை’ என்று எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். உண்மையில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்: முதல் சோதனை இரண்டு வாரங்களில் முடிந்துவிடும், புற்றுநோய்ச் சோதனைக்கு எலிகளை இரண்டு ஆண்டுகள் வளர்க்க வேண்டும். அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், அப்போது புழக்கத்தில் இருந்த ஏறத்தாழ 62,000 வேதிப்பொருள்களைப் புதிய சோதனை ஏதும் கோராமலே தொடர விட்டது. தரவு தராதவருக்குச் சந்தை இல்லை என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2007இல்தான்.

தரவு இருக்கும் இடத்திலும், அதை யார் செலவில் யார் திரட்டினார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பீனால் ஏ குறைந்த அளவில் விலங்குகளை என்ன செய்கிறது என்பது குறித்த 115 ஆய்வுகளை வொம் சால், ஹ்யூஸ் என்ற ஆய்வாளர்கள் 2005இல் தொகுத்தார்கள். அரசு நிதியில் நடந்த 104 ஆய்வுகளில் 94 பாதிப்பைக் கண்டிருந்தன. தொழில்துறை நிதியில் நடந்த 11 ஆய்வுகளில் ஒன்றுகூடக் காணவில்லை. யாரும் பொய்க்கணக்கு எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு எளிதில் அசையாத ஓர் எலி வகையைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஹார்மோனைப் போலச் செயல்படும் பிஸ்பீனால் ஏ அதில் தடயம் காட்டாமல் போவது இயல்பே. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்பொருளுக்கான அன்றாட வரம்பை ஏறத்தாழ 20,000 மடங்கு குறைத்தது.

இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வகத்தில் நடந்ததோ அப்பட்டமான மோசடி. 1976இல் அது அம்பலமானதன் விளைவாகவே ‘நல்ல ஆய்வக நடைமுறை’ விதிகள் பிறந்தன. இன்று நிறுவனங்கள் அச்சான்றையே கேடயமாகக் காட்டுகின்றன. அவ்விதிகள் பதிவேட்டின் நேர்மைக்குத்தான் பொறுப்பு; எலியையும் அளவையும் சரியாகத் தேர்ந்தார்களா என்பது அவற்றின் கேள்வியே அன்று.

இதற்காகத் தொழில்துறை ஆய்வுகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடவும் கூடாது. பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு எலிகளுக்குப் புற்றுநோய் தருவதைக் காட்டிய இத்தாலியர் மால்டோனியின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவை ஐரோப்பிய நிறுவனங்களே. ஆய்வு நேர்மையாகத்தான் நடந்தது. முடிவை வெளியிடுவதில்தான் பூட்டு விழுந்தது. இரகசிய ஒப்பந்தத்தின்பேரில் அதை அறிந்திருந்த அமெரிக்க உற்பத்தியாளர்கள், 1973இல் அரசு அதிகாரிகளைச் சந்தித்தபோதும் வாய் திறக்கவில்லை. 1974இல் கெண்டக்கி ஆலையொன்றின் தொழிலாளர்கள் அரிய கல்லீரல் புற்றுநோயால் இறந்தது தெரியவந்த பின்னரே, பணியிடக் காற்றில் அனுமதிக்கப்பட்ட அளவு பத்து இலட்சத்தில் 500 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைக்கப்பட்டது.

ஆகவே 11ஆம் பிரிவில் ‘பாதிப்பு காணப்படவில்லை’ என்றிருந்தால், எந்த விலங்கில், எவ்வளவு காலம், எந்த அளவில் என்று வழங்குநரிடம் எழுத்தில் கேளுங்கள். முழு அறிக்கையைத் தர மறுத்தால் அதையும் கோப்பில் குறித்து வையுங்கள். ‘தரவு இல்லை’ என்றிருக்கும் பொருளுக்கு, அதே வேதிக் குடும்பத்தில் நன்கு ஆராயப்பட்ட மிக நச்சான பொருளுக்கு உரிய காற்றோட்டத்தையும் கையுறையையுமே நான் பரிந்துரைக்கிறேன்.