ஒத்துணர்வும் பச்சாதாபமும்

பகைத்து நிற்கும் இரு சமூகத்தாரை, அவரவர் பட்ட துயரை அவரவர் வாயாலேயே சொல்லவைத்து நெருங்கச் செய்யும் முயற்சிகள் பற்றிய மொழிபெயர்ப்புக் கையேடு ஒன்றைப் படித்தேன். பிறர் உணர்வதைத் தாமும் உணர்ந்து பார்ப்பதைக் குறிக்கும் ‘எம்பதி’ என்ற ஆங்கிலச் சொல் வந்திருக்க வேண்டிய இடமெல்லாம் ‘பச்சாதாபம்’ என்றே அச்சாகியிருந்தது.

எம்பதியின் கிரேக்க வேருக்கு ‘உள்ளே’, ‘உணர்ச்சி’ என்று பொருள். ஜெர்மானிய அழகியலாரின் ‘ஐன்ஃபூலுங்’ என்ற சொல்லுக்கு ஈடாக 1909இல் உளவியலாளர் டிட்செனர் அதை ஆங்கிலத்தில் ஆக்கினார்.

பச்சாதாபமோ, செய்த பிழையை எண்ணிப் பின்னர் வேகுவதைக் குறிக்கும் வடசொல். அதற்குக் கழிவிரக்கம் என்ற நல்ல தமிழ்ச்சொல் உண்டு (அதையும் இப்போது தன்னிரக்கத்துக்கு எழுதுகிறார்கள்). பேச்சில் பச்சாதாபம் இரக்கமாக நழுவியதைக்கூட நான் குறை சொல்லவில்லை. ஆனால், 1995இல் தொடங்கிய, மோதலில் நெருங்கிய உறவை இழந்த இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் சேர்ந்து நடத்தும் ‘பேரன்ட்ஸ் சர்க்கிள்’ அமைப்பை எண்ணிப் பாருங்கள். இஸ்ரேலியரான ராமி எல்ஹனானின் 13 வயது மகள் ஸ்மதார் 1997இல் எருசலேமில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானாள். பாலஸ்தீனியரான பஸ்ஸாம் அராமினின் 10 வயது மகள் அபீர், 2007இல் மேற்குக் கரையின் அனாத்தாவில் பள்ளிக்கு வெளியே, இஸ்ரேலிய எல்லைக் காவலர் சுட்ட ரப்பர் தோட்டாவுக்குப் பலியானாள். இரு தந்தையரும் அருகருகே அமர்ந்து, ஒருவர் முடித்தபின் மற்றவராகத் தத்தம் மகளைப் பற்றிச் சொல்கிறார்கள். அங்கே பச்சாதாபம் என்று எழுதினால், பழைய பொருளில் ராமி தாம் செய்யாத கொலைக்குக் கழிவிரக்கம் கொள்கிறார் என்றாகும்; புதிய பொருளில் மேலிருந்து குனிந்து ‘ஐயோ பாவம்’ என்கிறார் என்றாகும். அனுதாபமும் உதவாது, இரங்கல் சுவரொட்டியிலும் தேர்தல் அலையிலும் தேய்ந்துபோன சொல் அது.

ஒத்துணர்வு என்பதே பொருந்தும். ‘ஒத்து’ என்றால் எதிர்த்தரப்பின் அரசியலையும் ஒத்துக்கொண்டதாகிவிடாதா என்று கேட்கிறவர்கள், ‘மயிலொத்த சாயல்’ என்பதில் மயிலிடம் எதை ஒத்துக்கொண்டோம் என்று சொல்லட்டும். இது உவமையின் ஒத்தல். ‘பிறிதின்நோய் தந்நோய்போல்’ என்று வள்ளுவர் வைத்த ‘போல்’ இதுதான்; அது என் நோயாகிவிடுவதில்லை, என் நோயைப் போலப் படுகிறது. அந்த இடைவெளி இருப்பதால்தான் ராமி, அபீரின் சாவைத் தம் கதையாக்கிக்கொள்ளாமல் கேட்க முடிகிறது.

அதே கையேட்டில் ‘மற்றவரின் காலணிக்குள் நின்று பாருங்கள்’ என்று, ஆங்கில மரபுத்தொடரை அப்படியே பெயர்த்த ஒரு வரியும் உண்டு. ‘என் இடத்தில் இருந்து பார், தெரியும்’ என்று வீட்டுச் சண்டையில்கூடச் சொல்கிற நமக்கு இந்தச் செருப்பு எதற்கென்று மொழிபெயர்த்தவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம்.